கிணறு சொன்ன சேதி!

2018 செப்டம்பர் மாத இறுதியில், பிகார் மாநிலம் முங்கேர் மாவட்டத்தின் பர்தா கிராமத்தில் ஒரு கிணற்றைச் சோதனையிட்ட காவல் துறையினர், தண்ணீருக்குள்ளிருந்து 12 ஏ.கே. 47 ரகத் துப்பாக்கிகளை மேலே கொண்டு வந்தனர். அதற்கு முன்னும் பின்னும் அந்த வட்டாரத்தில் கைப்பற்றப்பட்டவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. எல்லை கடந்து வந்த தீவிரவாதிகள் போட்டுவிட்டுப் போனவையல்ல அவை. நமது ராணுவத்துக்குச் சொந்தமான, மத்தியப் பிரதேச மாநிலம் ஜபல்பூரில் உள்ள மத்திய ஆயுதக் கிடங்கிலிருந்து வெளியேறியவை என்பதுதான் புலன் விசாரணையில் தெரிய வந்த அதிர்ச்சித் தகவல்.

பயன்பாட்டுக்கு உதவாது என்று கழிக்கப்பட்டு, அழிப்பதற்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த துப்பாக்கிகளும் அவற்றின் உதிரி பாகங்களும் கிடங்கிலிருந்து கடத்தப்பட்டன. ராணுவப் பணிமனையில் ஆயுதப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தம் வீட்டில் வைத்தே அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் சுடக்கூடியவையாக மாற்றினார். அவை ரயிலில் பயணம் செய்து முங்கேரின் ஆயுதத் தரகர்களிடம் சில லட்சம் ரூபாய்க்குக் கைமாறின என்பது வழக்கு. 2012 முதல் இவ்வாறு 60-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் கடத்தப்பட்டிருக்கக்கூடும் என்று அப்போது காவல் துறை தெரிவித்தது. 2018 அக்டோபரில் தேசியப் புலனாய்வு முகமை இந்த வழக்கை ஏற்றுக்கொண்டது.

இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். நமது கவலை வேறு. மடிந்துவிட்டது என்று அரசு கணக்கெழுதிய ஒரு போர்க் கருவி, ஒரு சாதாரணக் குடியிருப்பின் அறையில் உயிர் பெற்று எழுகிறது; ஆறு ஆண்டுகள் இந்த வியாபாரம் நடந்தும் எந்தத் தணிக்கையாளரின் கண்ணிலும் படவில்லை என்றால், அது ஒரு தனிமனிதரின் பேராசை பற்றிய செய்தி மட்டும்தானா?

வீட்டிலேயே துப்பாக்கியைத் திருத்தி அமைப்பது, அதன் தன்மையை மாற்றுவது என்பதெல்லாம் அமெரிக்காவின் பிரச்னை, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை. கடையில் வாங்கும் அரை தானியங்கித் துப்பாக்கியின் குழலையும் மற்ற பாகங்களையும் மாற்றிப் பார்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படிப்பட்ட உரிமையும் இல்லை, சந்தையும் இல்லை. ஆனால், தேவை இருக்கும் இடத்தில் திறமையும் இருந்துவிட்டால், இல்லாத சந்தை தானே உருவாகிவிடும் என்பதற்கு ஜபல்பூரிலிருந்து முங்கேர் வரை நீண்ட அந்தப் பாதையே சாட்சி.

துப்பாக்கியின் உள்ளே நடப்பது என்ன என்பதைச் சற்றே புரிந்துகொண்டால்தான் இதன் விபரீதம் விளங்கும். தோட்டா வெடிக்கும் அந்தக் கணத்தில், இத்தகைய துப்பாக்கியின் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தம் குண்டை முன்னே தள்ளுகிறது. தானியங்கி, அரை தானியங்கி வகைகள் பலவற்றில் குழலுக்குள் எழும் வாயுவின் ஒரு பகுதி திருப்பி விடப்பட்டு, காலிக் கூட்டை வெளியேற்றவும் அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றவும் பயன்படுத்தப்படுகிறது. எஃகின் தரம், குழலின் பருமன், வாயுவின் அளவு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும். ஆயுதத் தொழிற்சாலையில் தயாராகும் ஒவ்வொரு துப்பாக்கியும் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கப்பட்டு, முத்திரை பெற்ற பிறகே வெளியே வருவதற்குக் காரணம் இதுதான். பட்டறையிலும் வீட்டிலும் தட்டிக்கொட்டித் திருத்தப்படும் ஆயுதத்துக்கு அந்தச் சோதனை இல்லை. வடமாநிலங்களில் 'கட்டா' என்று அழைக்கப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கி, சுட முயன்றவரின் கையிலேயே வெடித்து விரல்களைப் பறிப்பது அதனால்தான்.

ஆனால், ஆபத்து இந்த இடத்தோடு முடிந்துவிடவில்லை. தேர்ந்த கைவினைஞனின் கையில் இதே வேலை வேறு வடிவம் எடுக்கிறது. ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே பாயும் ஆயுதத்துக்கும், விசையை விடும்வரை குண்டுமழை பொழியும் ஆயுதத்துக்கும் இடையே இருக்கும் வேறுபாடு, ஒரு கொலைக்கும் ஒரு படுகொலைக்கும் இடையே இருக்கும் வேறுபாடு. இதை உணர்ந்துதான் நமது ஆயுதச் சட்டம், விசையை விடும்வரை தொடர்ந்து சுடும்படி வடிவமைக்கப்பட்ட அல்லது அவ்வாறு மாற்றப்பட்ட துப்பாக்கியைத் தடை செய்யப்பட்ட ஆயுதம் என்று வரையறுத்திருக்கிறது. 'மாற்றப்பட்ட' என்கிற சொல்லை அந்த வரையறைக்குள் வைத்தவர்களின் தொலைநோக்கைப் பாராட்டத்தான் வேண்டும்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்கக் கூடாது, போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக மாற்றக் கூடாது என்று தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகைத் துப்பாக்கியாக மாற்றுவதையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டு வந்தது. அனுமதியின்றி ஆயுதம் தயாரிப்பதற்கான குறைந்தபட்ச தண்டனை 3 ஆண்டுகளிலிருந்து 7 ஆண்டுகளாகவும், அதிகபட்ச தண்டனை 7 ஆண்டுகளிலிருந்து ஆயுள் சிறையாகவும் உயர்த்தப்பட்டன. தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் குறைந்தது 10 ஆண்டுகள். ஒருவர் 3 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2 ஆகக் குறைத்ததும், திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியதும் அதே திருத்தம்தான்.

ஆக, சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்று குரல் எழுப்புபவர்கள் பழைய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். தடை செய்யப்பட்ட ஆயுதத்தைப் பயன்படுத்தி உயிரிழப்பு ஏற்படுத்தினால் மரண தண்டனை கட்டாயம் என்று 1988-இல் இதே சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2012-இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கியது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில், தூக்குக் கயிற்றுக்கு அஞ்சிக் கள்ளத் துப்பாக்கிப் பட்டறை எதுவும் மூடப்பட்டதாகத் தெரியவில்லை.

பட்டறைகள் ஏன் மூடப்படவில்லை என்கிற கேள்விக்கு விடை முங்கேரின் வரலாற்றில் இருக்கிறது. 1760-இல் வங்கத்தின் நவாபான மீர் காசிம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடியிலிருந்து விலகி நிற்க எண்ணித் தலைநகரை முர்ஷிதாபாதிலிருந்து கங்கைக் கரையிலுள்ள முங்கேருக்கு மாற்றினார். ஆர்மீனியரான அவரது தளபதி குர்கின் கான் அங்கே துப்பாக்கியும் பீரங்கியும் வார்க்கும் பட்டறைகளை நிறுவினார். 1764-இல் பக்சர் போரில் மீர் காசிமின் கனவு கலைந்தது. நவாப் போனார், கைவினைஞர்கள் போகவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு என்று அந்தக் கலை இரண்டரை நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது.

சுதந்திர இந்தியாவிலும் முங்கேரில் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலகங்கள் சட்டபூர்வமாக இயங்கி வந்தன. ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகளை மட்டுமே அவை தயாரிக்கலாம். ஆண்டுக்கு 12,000-க்குச் சற்று அதிகமான துப்பாக்கிகள் என்பது அவை அனைத்துக்குமான ஒதுக்கீடு. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அங்கே வேலை இருந்தது. வேட்டைக்குத் தடை வந்தது. புதிய உரிமங்கள் அருகின. உரிமம் பெற்றவர்களின் விருப்பம் கைத்துப்பாக்கியின் பக்கம் திரும்பியது. ஒதுக்கீட்டின் சிறு பகுதிக்குக்கூட வாங்குவோர் இல்லாத நிலையில் தொழிலகங்கள் ஒவ்வொன்றாக வாடின. கடைசல் இயந்திரத்தைத் தவிர வேறு எதையும் அறியாத கைகள் வேலையின்றி நின்றன. அந்தக் கைகளுக்கு அரசு மாற்று வேலை தரவில்லை. கள்ளச் சந்தை தந்தது.

அதன்பின் நடந்தது எதிர்பார்க்கக் கூடியதே. முங்கேரில் காவல் துறையின் கெடுபிடி அதிகரித்தபோது, கைவினைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மேற்கு வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகள் கண்டுபிடிக்கப்பட்டபோதெல்லாம், கைதானவர்களில் முங்கேரைச் சேர்ந்தவர்கள் இருந்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. ஒரு பட்டறை இடிக்கப்பட்டால் இன்னொரு மாநிலத்தில் இரண்டு பட்டறைகள் முளைக்கின்றன. இயந்திரத்தைப் பறிமுதல் செய்யலாம். கையில் இருக்கும் கலையை எப்படிப் பறிமுதல் செய்வது?

மத்தியப் பிரதேசத்தின் கர்கோன், பட்வானி, தார் மாவட்டங்களில் சிக்லிகர் சமூகத்தினரின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஒரு காலத்தில் சீக்கியப் படைகளுக்கு வாளும் வேலும் தீட்டிக் கொடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களில் சிலரது கைத்துப்பாக்கிகள்தான் தில்லியிலும் பஞ்சாபிலும் குற்றக் கும்பல்களிடம் அடிக்கடி சிக்குகின்றன. ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது ஆங்கிலேயர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் புத்தி. அந்தச் சமூகத்தின் இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடமும் தொழிற்பயிற்சியும் வங்கிக் கடனும் போய்ச் சேராதவரை, அடுத்த தலைமுறையும் உலைக்களத்தின் முன்புதான் உட்காரும் என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.

இவ்வளவு பட்டறைகளிலிருந்து வெளியேறும் துப்பாக்கிகள் எத்தனை? உள்துறை அமைச்சகம் தந்த கணக்கின்படி, 2016 இறுதியில் நாடு முழுவதும் நடப்பிலிருந்த ஆயுத உரிமங்கள் 33.69 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். ஆனால் ஜெனீவாவிலிருந்து இயங்கும் சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீடு, இந்தியாவில் பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் 7.11 கோடி என்றும், அவற்றில் பதிவு செய்யப்பட்டவை 97 லட்சம் மட்டுமே என்றும் சொல்கிறது. மதிப்பீடு மதிப்பீடுதான், அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும்கூட, அரசின் கண்ணுக்குத் தெரியும் துப்பாக்கிகளைவிடத் தெரியாதவை பல மடங்கு என்கிற உண்மை மாறவில்லை.

கண்ணுக்குத் தெரிகின்றவற்றின் யோக்கியதையாவது ஐயத்துக்கு அப்பாற்பட்டதா என்றால், அதுவும் இல்லை. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வழங்கப்பட்ட 2.78 லட்சத்துக்கும் அதிகமான ஆயுத உரிமங்கள் சிபிஐ விசாரணைக்கு உள்ளாயின. அந்த மாநிலத்துக்குச் சற்றும் தொடர்பில்லாதவர்களுக்கு, பணம் வாங்கிக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலிருந்து உரிமங்கள் வழங்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. ஆட்சிப் பணி அதிகாரிகளே கைது செய்யப்பட்டார்கள். ராஜஸ்தான் காவல் துறை 2017-இல் தற்செயலாக இழுத்த நூலில் இத்தனை பெரிய பொதி அவிழ்ந்தது. உரிமம் வழங்கும் மேஜையே விலைபோகிறது என்றால், உரிமம் இல்லாதவனைத் தேடி வீடு வீடாக அலைவதில் என்ன பொருள் இருக்கிறது?

இங்கேதான் நாம் அடிப்படையான கேள்விக்கு வருகிறோம். துப்பாக்கியை வீட்டில் செய்யலாம், திருத்தலாம். தோட்டா? நாட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 12 போர் தோட்டாவுக்கும் பாயிண்ட் 315 தோட்டாவுக்கும் ஏற்பத்தான் செய்யப்படுகின்றன. காரணம் எளியது. உரிமம் பெற்றவர்களுக்காக நமது ஆயுதத் தொழிற்சாலைகள் தயாரித்துக் கடைகளுக்கு அனுப்பும் தோட்டாக்கள் அவையே. முங்கேர் உலையில் குழல் பிறக்கலாம். அதற்குள் நுழையும் தோட்டா பெரும்பாலும் உரிமம் பெற்ற கடையிலிருந்தோ, பாதுகாப்புப் படையின் கிடங்கிலிருந்தோதான் வர வேண்டியிருக்கிறது. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். இந்தக் கடிவாளம் அரசின் கையில்தான் இருக்கிறது. அது இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

2010 ஏப்ரல் 6-ஆம் தேதி சத்தீஸ்கரின் தண்டேவாடா வனப்பகுதியில் மாவோயிஸ்டுகள் நடத்திய தாக்குதலில் 76 பாதுகாப்புப் படையினர் உயிரிழந்தார்கள். நாடே கண்ணீர் சிந்திய அதே மாதத்தின் இறுதியில், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் ஒரு தோட்டாக் கடத்தல் கும்பல் பிடிபட்டது. மத்திய ரிசர்வ் காவல் படை, மாநில ஆயுதப் படை, காவல் துறை ஆகியவற்றின் கிடங்குகளிலிருந்தே தோட்டாக்கள் வெளியேறி, மாவோயிஸ்டுகள் வரை போய்ச் சேர்ந்ததாக வழக்கு தொடரப்பட்டது. தண்டேவாடாவில் பாய்ந்தவை அந்தத் தோட்டாக்கள்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், 13 ஆண்டுகள் நீண்ட வழக்கின் முடிவில், 2023 அக்டோபரில் ராம்பூர் நீதிமன்றம் 24 பேருக்குத் தலா 10 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. அவர்களில் பெரும்பாலானோர் சீருடை அணிந்தவர்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மணிப்பூர் இன்னொரு எச்சரிக்கை. 2023 மே மாதத்தில் வெடித்த இனக்கலவரத்தின்போது, காவல் நிலையங்களிலிருந்தும் ஆயுதக் கிடங்குகளிலிருந்தும் சூறையாடப்பட்ட ஆயுதங்கள் சுமார் 6,000 என்று கூறப்பட்டது. போதாததற்கு, மலைக் கிராமங்களில் மின்கம்பக் குழாய்களைக்கூட ஆயுதமாக மாற்றினார்கள். ஆயுதங்களைத் திருப்பி ஒப்படைக்குமாறு 2025 பிப்ரவரியில் ஆளுநர் கெடு விதித்து வேண்டுகோள் விடுத்த பிறகு ஒரு பகுதி திரும்பி வந்தது. எல்லாம் வரவில்லை. அரசின் பாதுகாப்பில் நம்பிக்கை இழந்த மக்கள், தங்கள் பாதுகாப்பைத் தங்கள் வீட்டிலேயே தயாரித்துக்கொள்ள முற்படுவார்கள் என்பதே மணிப்பூர் கற்பித்த கசப்பான பாடம்.

உலக அனுபவமும் நமக்கு வழிகாட்டவே செய்கிறது. 2017-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், அரை தானியங்கித் துப்பாக்கியைத் தானியங்கி போலச் சுடவைக்கும் ஒரு சிறு துணைக்கருவியின் உதவியுடன் ஒரே மனிதன் 58 பேரை அன்றிரவே கொன்றான். அந்தக் கருவிக்கு விதிக்கப்பட்ட தடையை 2024 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி உதிரியாக விற்கப்படும், வரிசை எண் இல்லாத துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் விதியை மட்டும் 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நியூசிலாந்து வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட ஒரே மாதத்துக்குள், பெரும்பாலான அரை தானியங்கித் துப்பாக்கிகளுக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் தடை விதித்து, மக்களிடமிருந்தவற்றை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது.

உலகிலேயே மிகக் கடுமையான துப்பாக்கிச் சட்டம் உள்ள நாடுகளில் ஒன்றான ஜப்பானில், முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022 ஜூலை 8-ஆம் தேதி வீட்டில் செய்யப்பட்ட துப்பாக்கியால் கொல்லப்பட்டார் என்பதைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். உண்மைதான். வெறி கொண்ட ஒரு தனிமனிதன் அறைக்குள் அமர்ந்து செய்வதை முழுமையாகத் தடுக்கும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. ஆனால், குழாய்களைக் கட்டி அவன் செய்த அந்த ஆயுதம் இரண்டு முறை முழங்கியதோடு சரி. ராணுவக் கிடங்கிலிருந்து வெளியேறிய ஏ.கே. 47 அவன் கைக்குக் கிடைத்திருந்தால் அந்தத் தெருமுனையில் எத்தனை உயிர்கள் பறிபோயிருக்கும்? தனிமனிதனின் வெறியைத் தடுக்க முடியாமல் போகலாம். அந்த வெறிக்கு அரசின் ஆயுதம் துணைபோகாமல் தடுக்க முடியும், தடுக்க வேண்டும்.

கட்டுப்பாடு என்றதுமே நேர்மையாக உரிமம் பெற்றவர்கள் தலையில் கை வைக்கிறார்கள் என்கிற முறையீடு எழுகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியரை நிராயுதபாணிகளாக்கிய லிட்டன் பிரபுவின் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நமது தேசிய இயக்கம் குரல் கொடுத்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் இடம் பெற்றிருந்தது. காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் விவசாயியும், பதக்கம் வென்று வரும் துப்பாக்கி சுடும் வீரரும் குற்றவாளிகள் அல்லர். 2019 திருத்தத்தின்போது, ஒருவருக்கு ஒரு துப்பாக்கி மட்டுமே என்றிருந்த முதல் யோசனையை அரசு கைவிட்டு இரண்டு என்று ஏற்றதும் இத்தகைய எதிர்ப்புக்குப் பிறகே. மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உரிமம் உள்ளவருக்குக் கடிதம் அனுப்புவது எளிது. அவரது முகவரி கோப்பில் இருக்கிறது. முகவரி இல்லாத பட்டறையைத் தேடுவதுதான் கடினம். எளிதானதைச் செய்துவிட்டுக் கடினமானதைத் தள்ளிப்போடுவது அரசு நிர்வாகத்தின் பழைய நோய்.

உச்சநீதிமன்றம் 2023 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசக் கொலை வழக்கு ஒன்றின் ஜாமீன் மனுவை விசாரிக்கும்போது, உரிமம் இல்லாத துப்பாக்கிகளின் பெருக்கத்தைக் கண்டு தானாகவே முன்வந்து இந்தப் பிரச்னையைக் கையிலெடுத்தது. அமெரிக்காவைப்போல ஆயுதம் தாங்குவது இங்கே அடிப்படை உரிமை அல்ல என்று நீதிபதிகள் நினைவூட்டினார்கள். தொடர்ச்சியாக 2024 நவம்பரில், ஒவ்வொரு மாநிலத்திலும் தலைமைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், காவல் துறைத் தலைவர் உள்ளிட்டோர் அடங்கிய குழு அமைத்துச் செயல்திட்டம் தயாரிக்குமாறு உத்தரவிட்டது. குழுக்கள் கூடுவதும் அறிக்கை தருவதும் நமக்குப் புதிதல்ல. கூடிக் கலைவதோடு நின்றுவிடக் கூடாது என்பதே நமது வேண்டுகோள்.

அந்தக் குழுக்களும் மத்திய உள்துறை அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. முதலாவதாக, கழிக்கப்பட்ட ஒவ்வொரு துப்பாக்கியும் கழிக்கப்பட்ட உடனே, வெளித்துறை அதிகாரி ஒருவரின் முன்னிலையில், வரிசை எண் சரிபார்க்கப்பட்டு உருக்கப்பட வேண்டும். முழுத் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, அதன் குழல் முதலான முக்கிய பாகங்களுக்கும் கணக்கு வேண்டும். ஜபல்பூரில் கோட்டை விட்டது துப்பாக்கிகள் கழிக்கப்படும் நாளுக்கும் உருக்கப்படும் நாளுக்கும் இடையே நீண்டு கிடந்த அந்த இடைவெளியில்தான்.

இரண்டாவதாக, தோட்டாவுக்கு உண்மையான கணக்கு வேண்டும். ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகிவிட்டது. தனியாரும் தோட்டாத் தயாரிப்பில் இறங்கியிருக்கிறார்கள். தயாரிப்பவர் பலராகும்போது கண்காணிப்பும் பல மடங்காக வேண்டாமா? எந்தத் தொகுதித் தோட்டா எந்தக் கடைக்கு, எந்தப் படைப்பிரிவுக்குச் சென்றது என்பது ஒரு பொத்தானைத் தட்டினால் தெரிய வேண்டும். சுட்டபின் எஞ்சும் காலிக் கூடுகளும் திரும்ப எண்ணப்பட வேண்டும். ஆயுத உரிமதாரர்களுக்குத் தனி அடையாள எண் தந்து தேசியத் தரவுத் தளம் அமைத்த அரசுக்கு இது இயலாத காரியமல்ல.

மூன்றாவதாக, கள்ளத் துப்பாக்கி பிடிபடும்போது, அதை வைத்திருந்தவனைச் சிறைக்கு அனுப்புவதோடு கோப்பு மூடப்படுகிறது. ஆயுதம் எங்கே பிறந்தது, தோட்டா எந்த வாசல் வழியாக வந்தது என்று பின்னோக்கிச் செல்லும் விசாரணை அரிதாகவே நடக்கிறது. தடய அறிவியல் ஆய்வகங்களில் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும் துப்பாக்கிகள், மாநில எல்லைகளைக் கடந்து ஒப்பிடப்பட வேண்டும். தில்லியில் பாய்ந்த குண்டுக்கும் தன்பாதில் பாய்ந்த குண்டுக்கும் உலைக்களம் ஒன்றா என்பதைச் சொல்லக்கூடிய அறிவியல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஏற்பாடுதான் இல்லை.

நான்காவதாக, முங்கேரின் கைவினைக்கு ஒரு கௌரவமான வாழ்வு தரப்பட வேண்டும். பாதுகாப்புத் தளவாடங்களை உள்நாட்டிலேயே தயாரிப்போம் என்று முழங்கி, உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் பாதுகாப்புத் தொழில் பெருவழித் தடங்களை அமைத்துவரும் மத்திய அரசு, இரண்டரை நூற்றாண்டு அனுபவம் கொண்ட கங்கைக் கரைக் கைவினைஞர்களை மட்டும் காவல் துறையின் கண்கொண்டு பார்ப்பது முரண்பாடு. துல்லிய உலோக வேலை தெரிந்தவனுக்குத் தொழிற்சாலையின் கதவு திறந்தால், அவன் ஏன் இருட்டறையில் அரம் தீட்டப் போகிறான்?

வீட்டுக்குள் ஒருவன் துப்பாக்கியைத் திருத்துகிறான் என்றால், அந்த வீட்டின் கதவைத் தட்டுவதற்கு முன்னால் அரசு தன் கிடங்கின் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கைக்கு உதிரி பாகத்தைத் தந்தது எது, தோட்டாவைத் தந்தது எது, வேலையில்லாமல் அந்தக் கையைத் தெருவில் நிறுத்தியது எது என்று கேட்டால், மூன்று கேள்விகளுக்கும் விடை அரசு அலுவலகங்களின் திசையில்தான் போய் நிற்கிறது.

பர்தா கிராமத்துக் கிணற்றை இறைத்தபோது வெளியே வந்தவை 12 துப்பாக்கிகள் மட்டுமல்ல. அரசின் கணக்குப் புத்தகங்களில் படிந்து கிடக்கும் சேறும்தான். அந்தச் சேற்றை அகற்றாமல் சட்டப் புத்தகத்தில் தண்டனை ஆண்டுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் எந்தப் பயனும் இல்லை. அடுத்த கிணறு எந்த மாநிலத்தில் என்பது மட்டுமே தெரியவில்லை. அங்கே துப்பாக்கிகள் கண்டெடுக்கப்படுவதற்கு முன்பாகவே அரசு விழித்துக்கொள்ளட்டும்!